அவையோர் எடுத்த ஒலிப்பதிவு

1968ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்து ஸ்போகேன் நகரில், ஏசுசபையாரின் கொன்சாகா சர்வகலாசாலை விளையாட்டு மண்டபத்திலே வானில்லா ஃபட்ஜ் என்னும் ராக் இசைக்குழுவினரின் கச்சேரி நிகழ்ந்தது. அவர்க்கு முன்னர் மேடையேறியவர் இங்கிலாந்து தேசத்து இளைஞர் நால்வர். லெட் ஸெப்பெலின் என்னும் அக்குழுவின் பெயரைப் பத்திரிகை விளம்பரம் 'லென் ஸெஃப்லின்' என அச்சிட்டிருந்தது! அவர்தம் முதல் இசைத்தட்டு வெளிவந்ததோ 1969 ஜனவரி 12இல். ஆதலின் அவையோர் அதனை விலைக்கு வாங்கிக் கேட்டிருக்க வழியில்லை.

அவையில் இருந்த ஒருவர் அம்முற்கச்சேரியைப் பதிவு செய்தார். இக்குழுவின் கச்சேரிப் பதிவுகளுள் இதுவே மிகப் பழையது என்பர்.

வல்லுநர் பதிவு செய்யுங்கால் ஒவ்வொரு வாத்தியத்தின் அருகும் ஓர் ஒலிவாங்கி நிற்கும். அவையில் அமர்ந்து பதிவு செய்வார்க்கு அவ்வசதி ஏது? மேடையொலியோடு, சுவரில் மோதி மீளும் ஒலியும் சற்றே தாமதித்து வந்து புகும். முரசும் தந்தியும் தம்முள் மயங்கும். அயலார் கைதட்டின் அது பாட்டினும் உரத்துக் கேட்கும். இவை குற்றங்களே. பின்னாளில் இதனைச் சிலர் இசைவு பெறாது தட்டுகளாக்கி விற்றதும் நாம் ஒப்பத்தக்கதன்று. உழைத்தவர்க்குரிய பங்கைக் கொடாத வாணிகம் அது. ஆயினும், முன்பின் அறியாத குழுவினரை ஓர் அவை எங்ஙனம் ஏற்றது என்பதை இசைச்சாலைத் தட்டு ஒருநாளும் நமக்கு உரையாது.

1969 டிசம்பர் 27இல் இவர்தம் இரண்டாம் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் எய்திற்று. அதன்பின் இவர்களைப் புதியவராகக் கேட்கும் அவை அந்நாட்டில் கிடைப்பது அரிதாயிற்று.