மஞ்சள் சுவரை விட்டுவிடு

வேங்கிக்கால்,
ஆனி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய புதுச்சேரிப் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். சுவர்கள் சாயவில்லை, கட்டடத்தின் தலை வெட்டுப்படவில்லை, மின்கம்பிகள்கூட அதிகம் குறுக்கிடவில்லை. அதையெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "சார், இதைவிட நல்ல மஞ்சள் சுவர் எந்தத் தெருவில் இருக்கும்?" என்று. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மஞ்சள் சுவர், மேலே காகிதப்பூக் கொடி, முன்னால் சாய்த்து வைத்த சைக்கிள். புதுச்சேரி என்றாலே இப்போது இதுதான் என்று ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே ஆல்பம் போடுகிற ஜோடிகள் அந்தச் சுவருக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள். அந்த மஞ்சள் போன மழைக்காலத்துக்குப் பிறகு அடித்ததாக இருக்கும். கடற்கரையில் நீ ஆசையாக எடுத்திருக்கும் நகராட்சி மண்டபம், அந்த மேரி கட்டடமே பழையது இல்லை. 1870களின் தொடக்கத்தில் எழுந்த மூலக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 2021இல்தான் திறந்தார்கள். அதை எடுக்காதே என்று சொல்லவில்லை. எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடு.

"குட்டி பிரான்ஸ்" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தாய். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1765க்குப் பிறகு எழுந்தது. கட்டிய கொத்தனார் நம் ஊர்க்காரர், சுண்ணாம்பு நம் ஊர்ச் சுண்ணாம்பு, தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ்தான் கூரை. நேர்நேராக ஓடும் தெருக்களுக்காவது பிரெஞ்சுக்காரர்களுக்கு நன்றி சொல்லலாம் என்று பார்த்தால், அதுவும் முழுக்க அவர்கள் கணக்கில் சேராது. 1693 முதல் சில ஆண்டுகள் ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் காலத்து வரைபடங்களிலேயே அந்தக் கட்டம்போட்ட அமைப்பு இருப்பதை ழான் தெலோஷ் எடுத்துக் காட்டினார்.

தெலோஷ் பெயரைச் சொல்லிவிட்டேன், இனி நிறுத்துவது கஷ்டம். புதுச்சேரியில் இருந்துகொண்டு அந்த ஊரின் பழைய வரைபடங்களைத் துருவியவர், செஞ்சிக் கோட்டையைப் பற்றித் தனி நூல் எழுதியவர், நம் அண்ணாமலையார் கோயிலைப் பற்றிப் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளி வெளியிட்ட பல தொகுதி ஆய்விலும் பங்கு கொண்டவர். அந்தப் பள்ளி இருப்பது நீ மஞ்சள் தேடி அலைந்த அதே துய்மா வீதியில். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனமும் பக்கத்தில்தான். தென்னாட்டுக் கோயில்களின் புகைப்படங்கள் லட்சத்துக்கு மேல் அங்கே காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் நூறு படங்களாவது பார்த்தால் ஒன்று புரியும். அழகாக எடுக்க வேண்டும் என்று எடுத்தவை அல்ல அவை. தூண் எங்கே நிற்கிறது, நிழல் எங்கே விழுகிறது, எந்தக் கல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று காட்ட எடுத்தவை. எனக்கு அவைதான் அழகாகத் தெரிகின்றன.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒயிட் டவுனை விட்டு வாய்க்காலுக்கு மேற்கே போ. வைசியாள் வீதி என்கிற கால்வே சுப்பராய செட்டி வீதிக்குப் போ. அங்கே வீடு தனித்தனியாக நிற்பதில்லை. ஒரு வீட்டின் திண்ணை முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் திண்ணை தொடங்கும். அதற்கு முன்னால் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம் தெருவோடு ஓடும். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ்நாட்டு வீடு. தலையைத் தூக்கினால் மாடியில் வளைவுச் சன்னல், சுவரோடு ஒட்டிய பட்டைத் தூண், சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த சன்னல் கதவு. இந்த இரண்டும் சேரும் கோடு இருக்கிறதே, அந்த ஓட்டுச் சரிவுக்கு மேலே ஒரு சாண் உயரம், அதுதான் தம்பி புதுச்சேரி. அது உன் படங்களில் ஒன்றில்கூட இல்லை.

இந்தக் கோட்டின் மூத்த சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்; 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். 1738இல் கட்டியதாகச் சொல்லும் அந்த வீட்டில் கீழே முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், மேலே வெள்ளைப் பூச்சுக் கட்டுத் தூண்கள். ஊர் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பிள்ளை கண்ணை மூடினார். உள்ளே போக அனுமதி கிடைத்தால் முற்றத்தின் நடுவில் நின்று, இரண்டு வரிசைத் தூண்களும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி எடு. அனுமதி கிடைக்காவிட்டால் வாசலில் நின்று வாதாடாதே.

இப்போது நிழல். உன்னோடு எனக்கு இருக்கும் உண்மையான சண்டை இதில்தான். உன் போன் நிழலைக் கண்டால் பதறிப்போய் அதை வெளிச்சமாக்கிவிடுகிறது. திண்ணையின் இருட்டும் வெயில்பட்ட சுவரும் ஒரே சாயலுக்கு வந்து, வீடு காலண்டர் அட்டைபோல் தட்டையாகிறது. அந்த இருட்டுக்காகத்தானே வீட்டையே கட்டினார்கள்! தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடு. வெயில்பட்ட சுவரைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டு, இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு. திண்ணை கறுக்கட்டும். அதில் உட்கார்ந்திருப்பவரின் வேட்டி ஓரம் மட்டும் தெரிந்தால் போதும். அவரிடம் முதலில் கேட்டுக்கொள். திண்ணை தெருவில் இருந்தாலும் அது அவர் வீடு.

சூரியனின் கணக்கையும் தெரிந்துகொள். புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நண்பகல் வெயில் உச்சந்தலையில் நேராக இறங்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். ஆனி நண்பகலில் வடக்குப் பார்த்த சுவரில் ஒரு மீட்டர் நீண்ட தாழ்வாரம் கிட்டத்தட்ட 5 மீட்டர் நிழலை இறக்கும். கீழ்த்தளம் மொத்தமும் கருமை. அதே நீளத் தாழ்வாரம் மார்கழி நண்பகலில் தெற்குப் பார்த்த சுவரில் சுமார் 1.4 மீட்டர்தான் இறக்கும். ஆக, வடக்கு முகப்புகளுக்கு இதுதான் பருவம், அதுவும் காலையில். கடற்கரை சற்றுச் சாய்ந்து ஓடுவதால் தெருக்களும் திசைக்குச் சரியாக இல்லாமல் கொஞ்சம் திரும்பியிருக்கின்றன. காலை வெயில் சுவரை உரசிக்கொண்டு வரும் நேரத்தைப் பார்த்துப் பிடி. பூச்சில் இரண்டு விரற்கடை மட்டுமே புடைத்திருக்கும் பட்டைத் தூண் அந்த உரசலில்தான் எழுந்து நிற்கும். அந்த நேரம் தவறினால் அது சுவரோடு சுவராகப் படுத்துவிடும். காகிதப்பூ எப்போது போனாலும் இருக்கும், கவலைப்படாதே.

தெருவை எப்படி எடுப்பது? இதற்கு எனக்கு குரு லின்னேயஸ் டிரைப். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக 1857-58இல் மாட்டு வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு தஞ்சை, திருச்சி, மதுரை என்று அலைந்தவர். கண்ணாடித் தகடு பரவிவிட்ட அந்தக் காலத்திலும் காகித நெகட்டிவில் வேலை செய்தார். காகிதத்தில் வானம் சரியாக விழாது என்பதால் பல படங்களில் மேகத்தைக் கையாலேயே தீட்டினார். அந்தக் குறும்பை விட்டுவிடு. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை எடுக்கும்போது அவர் செய்ததைப் பார். ஒரு நல்ல துண்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. சுவரோடு நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வைசியாள் வீதிக்கு இதே முறைதான் வேண்டும். எதிர்ப்பக்கம் ஒட்டி நின்று, ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு வரும்படி நகர்ந்துகொண்டே போ. அகலக் கோண லென்ஸைத் தொடாதே, ஓரத்துத் தூண்களை அது இழுத்துவிடும். நடுவில் பெட்டிக்கடை வரும், புதிதாக எழுந்த கான்கிரீட் வீடு தாழ்வாரத்தை உடைத்துக்கொண்டு வரும், மோட்டார் சைக்கிள் வரும். எதையும் தாண்டிப் போகாதே. எங்கே அந்தத் தாழ்வார நிழல் அறுந்திருக்கிறது என்று காட்டும் படம் இன்று ஒருவரிடமும் இல்லாமல் இருக்கலாம். பாதுகாக்க முனைபவர்களுக்கு அது உதவும்.

கோயில்கள், தேவாலயங்கள் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கப்ஸ் கோயில் என்கிற தேவாலயம் கடலைப் பார்த்து நிற்பதால் காலையில் போ. சம்பா கோயில் என்கிற தேவாலயத்தின் முகப்புக்கு வேறு நாள் வைத்துக்கொள்.

கடைசியாக ஒரு வேலை. நீ போகும் பஸ் கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகத்தானே போகிறது. இந்தத் தடவை செஞ்சியில் இறங்கு. கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலுக்குப் போய், அங்கே இன்னும் நிற்கும் தூண்களை எடு. பிறகு புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களையும் எடு. அவை செஞ்சியிலிருந்து போனவை, அந்தக் கோயிலுடையவை என்று சொல்வார்கள். உன் படத்தில் காந்தி பளிச்சென்று இருக்கிறார், தூண்களில் பாதியை வெட்டியிருக்கிறாய். இரண்டு இடத்திலும் ஒரே லென்ஸ், ஒரே தூரம். பட்டை முகங்களின் செதுக்கல்களைத் தனித்தனியாக எடு. கடற்கரைத் தூண்களை விடிந்தவுடன் எடுத்துவிடு, ஏழு மணிக்கு மேல் நடைப்பயிற்சிக் கூட்டம் விடாது. இரண்டு தொகுப்பையும் சுருக்காமல் அப்படியே அனுப்பு. போன முறை வாட்ஸ்அப்பில் நீ அனுப்பியதில் கல்லெல்லாம் களிமண்ணாய்த் தெரிந்தது.

அன்புடன்,
உன் பழைய வரலாற்று வாத்தியார்