ஒரு சாம்பல் துணியில் தொடங்கலாம்: வீட்டு ஸ்டூடியோவுக்குப் பின்திரை தேர்ந்தெடுப்பது எப்படி?

மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948-இல் ஸ்டூடியோ திறந்த செய்டு கெய்ட்டா, முதல் பின்திரையாக மாட்டியது தன் படுக்கை விரிப்பை. ஓரத்தில் குஞ்சம் வைத்த விரிப்பு அது. அதை முற்றத்தில் தொங்கவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஊர்க்காரர்களைப் படமெடுத்தார். இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றிக்கொண்டே வந்ததால், எந்தப் படம் எப்போது எடுத்தது என்று பிற்காலத்தில் பின்திரையைப் பார்த்தே அவரால் சொல்ல முடிந்தது.

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி உருவப்படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் பலர், கையில் இருப்பதை விட்டுவிட்டு, வெள்ளை, கருப்பு, பச்சை என்று மூன்று துணியும் ஸ்டாண்டும் சேர்ந்த செட் ஒன்றை முதலில் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்தால், மடிப்புக் கோடு கட்டம் கட்டமாக விழுந்த மெல்லிய துணி வருகிறது. அதில் பச்சை, வீடியோவில் பின்னணியை வெட்டி மாற்றுவதற்கானது. உருவப்படத்துக்கு அதை ஆளின் அருகில் கட்டினால் தாடையிலும் காதோரத்திலும் பச்சை அடிக்கும். வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதல் வேலை, இஞ்ச் டேப்பை எடுத்து அறையை அளப்பது. 10-க்கு 12 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் பின்திரையிலிருந்து 4 அடி தள்ளி ஆள், அங்கிருந்து 5 அடி தள்ளி கேமரா, மிச்சம் 3 அடி படம் எடுப்பவர் நிற்பதற்கு. ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டுப் படுக்கைவாட்டில் எடுத்தால், ஆள் இருக்கும் இடத்தில் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் ஏறக்குறைய இரண்டேகால் அடி. 4 அடி பின்னால் உள்ள திரையில் அதுவே நாலேகால் அடியாகிவிடும். ஆக, மார்பளவுப் படத்துக்கு 5 அடி அகலத் துணி போதும். முழு உருவம் என்றால் கதை வேறு. அதே லென்ஸில் தலை முதல் பாதம் வரை அடங்க 15 அடியாவது பின்னால் போக வேண்டும். இந்த அறையில் அது நடக்காது, 35 மி.மீ. லென்ஸ் வேண்டும், இல்லையென்றால் கூடத்துக்கு மாற வேண்டும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நாற்காலியில் வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, கேமராவில் பார்த்தபடியே, சட்டத்தின் இரண்டு ஓரமும் சுவரில் எங்கே முடிகிறதோ அங்கே டேப் ஒட்டச் சொல்ல வேண்டும். இரண்டு டேப்புக்கும் நடுவில் உள்ள தூரத்தோடு பக்கத்துக்கு அரையடி கூட்டிக்கொண்டால் அதுதான் வாங்க வேண்டிய அகலம்.

அடுத்தது நிறம். இங்கே கடையின் கேட்லாக்கை மூடிவைத்துவிட்டு, எதிரில் உட்காரப்போகும் ஆளைப் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவி வாரிய கருங்கூந்தல் கருப்புத் திரையில் கரைந்து போகும். முகம் மட்டும் அந்தரத்தில் மிதப்பது போலத் தெரியும். கூந்தலைப் பிரித்துக் காட்டப் பின்பக்கத்திலிருந்து ஒரு விளக்கு தேவைப்படும். அதே கூந்தலில் மல்லிகைச் சரம் இருந்தால் அடர்ந்த திரையில்தான் அது எடுபடும், வெள்ளையில் மங்கிவிடும். வெள்ளை வேட்டி சட்டையில் வரும் தாத்தாவை வெள்ளைத் திரைமுன் நிறுத்தினால் தோளின் விளிம்பே தெரியாது.

வெள்ளைத் திரையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேமராவின் ஒளிமானி தான் பார்ப்பதையெல்லாம் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். மாநிற முகம் கருத்துப்போகும். கருப்புத் திரையில் இதற்கு நேர் எதிராக நடக்கும், நெற்றியும் மூக்கும் வெளுத்துவிடும். வெள்ளை என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூட்டியும், கருப்பு என்றால் குறைத்தும் முகத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். தோல் நிறத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு முகத்தை மென்பொருளில் வெளுக்கவைப்பது பெரிய தவறு. சரிசெய்ய வேண்டியது ஒளியளவை.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுத்தரச் சாம்பல் வாங்கலாம். காரணம் இருக்கிறது. விளக்கிலிருந்து தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். விளக்கு முகத்துக்கு 3 அடியிலும், திரை முகத்துக்கு 4 அடி பின்னாலும் இருந்தால், முகத்தில் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் திரைக்குப் போய்ச்சேராது. சாம்பல், கரிய நிறமாகத் தெரியும். விளக்கை 6 அடிக்குத் தள்ளி, ஆளைத் திரைக்கு ஓரடி முன்னால் நிறுத்தினால், ஏறக்குறைய முக்கால் பங்கு ஒளி திரைக்கும் கிடைக்கும். அப்போது அதே துணி சாம்பலாகவே தெரியும். திரைக்கென்று தனி விளக்கு ஒன்று போட்டால் வெள்ளைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகலாம். ஒரே துணியில் மூன்று பின்னணி.

இனி, எதில் செய்த திரை? ஸ்டூடியோக்காரர்கள் விரும்புவது மடிப்பே இல்லாத காகிதச் சுருள். 2.72 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம் என்பது அதன் வழக்கமான அளவு. பாதி அகலத்தில் 1.35 மீட்டர் சுருளும் உண்டு, மேலே சொன்ன அறையில் மார்பளவுப் படத்துக்கு அது மட்டுமட்டாகப் போதும். தரையில் இறங்கும் பகுதி கால்தடம் பட்டு அழுக்கானால் வெட்டிவிட்டு அடுத்த பகுதியை இழுத்துக்கொள்ளலாம். புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளர்களையும் நாடோடிகளையும் படமெடுத்தது வெள்ளைக் காகிதத்தின் முன்னால்தான். வெளியில், நிழலில் காகிதத்தை மாட்டி எடுத்தார். மொட்டைமாடி உள்ளவர்கள் இந்த வழியைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும். காலையிலோ மாலையிலோ தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கத்தில் வெள்ளைக் காகிதம் கட்டினால் விளக்கே வேண்டாம்.

கருப்புக்கு வெல்வெட்தான். பருத்திக் கருப்பு ஒளி பட்டதும் சாம்பலாகிவிடும், ஒட்டிய நூலும் தூசியும் தெரியும். ஃப்ளெக்ஸில் பிரின்ட் போட்டுத் தரும் பின்னணிகள் மலிவுதான். ஆனால் அதன் பளபளப்பில் விளக்கு ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதைத் தவிர்ப்பது நல்லது.

கைவேலையில் ஆசை உள்ளவர்களுக்குக் காடா துணி இருக்கிறது. ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறிகளில் நெய்யும் இந்த வெளுக்காத பருத்தித் துணியைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடிக்க வேண்டும். மினுமினுப்பு இல்லாத எமல்ஷன் பெயிண்டில் மூன்று சாம்பல் கலந்து, முதலில் நடுத்தரச் சாம்பலை முழுக்கப் பூச வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே வெளிர் சாம்பலை ஸ்பாஞ்சில் தொட்டு நடுவிலும், அடர் சாம்பலை ஓரங்களிலும் ஒற்றியெடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் பூசணம் பிடித்த சுவர் மாதிரிதான் இருக்கும். பயந்து திருத்தக் கூடாது. பத்தடி தள்ளி நின்று, எஃப் 2.8-இல் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் திட்டுகள் கரைந்து மேகமாகிவிடும். புகைப்படக் கலைஞர் இர்விங் பென் 1950-இல் பாரிஸில் கிடைத்த பழைய நாடகத் திரை ஒன்றைத் தன் வாழ்நாள் முழுக்க விடாமல் பயன்படுத்தினார். நல்ல கித்தான் திரைக்கு அவ்வளவு உழைக்கும் தெம்பு உண்டு.

மாட்டுவதற்கு ஜன்னல் திரைக்கம்பியே போதும், அல்லது இரண்டு கொக்கியும் ஒரு பிவிசி குழாயும். துணியை முந்தின நாள் இரவே தொங்கவிட்டு, அடியிலும் ஒரு குழாயைக் கோத்துவிட்டால் பாரத்தில் சுருக்கம் பெரும்பாலும் இறங்கிவிடும். மீதியை ஈரம் தெளித்து இஸ்திரி போட வேண்டும். படம் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்த மறக்கக் கூடாது. சிலுசிலுவென்று ஆடும் துணியில் அலை அலையாய் நிழல் விழும்.

வேலை முடிந்ததும் துணியை மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருந்தால் பெயிண்ட் வெடிக்காது. காகிதச் சுருளைச் சுவரில் சாய்த்து வைத்தால் நடுவில் வளைந்துவிடும், நேராக நிறுத்த வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி அலையலையாகாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கலாம்.