பொதிகை அடிவாரத்தில் ட்ரஃபிள் கிடைக்குமா?

கேள்வி: ஐரோப்பாவில் நாயை விட்டு மோப்பம் பிடித்து, மண்ணுக்குள்ளிருந்து ட்ரஃபிள் எடுப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நம் பொதிகை அடிவாரத்தில் அது கிடைக்குமா ஐயா? எந்த மாதத்தில் தேடலாம்?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கிடைக்காது. ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரை ஒட்டி வாழ்வது ட்ரஃபிள். அதற்குச் சுண்ணாம்பு மண்ணும் நல்ல குளிர்காலமும் வேண்டும். ஐரோப்பாவில் கறுப்பு ட்ரஃபிளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை பருவம்; இத்தாலியின் ஆல்பா பக்கத்து வெள்ளை ட்ரஃபிளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை; கோடை ட்ரஃபிளுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை. வளைகுடாவில் உறவினர் இருந்தால் பாலைவன ட்ரஃபிளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாரிக்காலத்தில் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச்சில் சந்தைக்கு வரும். இடியோடு மழை பெய்தால்தான் அது விளையும் என்பது அரபு மக்களின் நம்பிக்கை. நம்மூரிலும் இடி இடித்தால் காளான் முளைக்கும் என்றுதானே சொல்கிறோம்?

நீங்கள் தேட வேண்டியது புற்றுக்காளானை. கறையான் மண்ணுக்கடியில் சருகையும் மரத்துணுக்கையும் அரைத்துக் கூடு கட்டி, அதில் பூஞ்சை வளர்க்கிறது. மழையின் ஈரம் உள்ளே இறங்கியதும் அந்தப் பூஞ்சை காளானாக மேலே வரும். குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். மண்ணைத் துளைப்பது அதுதான். தண்டு வேர்போல நீண்டு கறையான் கூடு வரை போகும். இவற்றில் ஒரு வகையை 1979இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பெயர் டெர்மிட்டோமைசஸ் ஹெய்மியை.

நமக்கு மழை இரண்டு என்பதால் பருவமும் இரண்டு. பாபநாசம், கடையம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில், கார் நெல் வயலில் நிற்கும்போது பாருங்கள். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஐப்பசி, கார்த்திகை மழை வரக் காத்திருக்க வேண்டும். அது பிசான நடவு நேரம். இரவு மழை வெறித்த விடியலில் மொட்டாகப் பறித்தால்தான் ருசி. வெயில் ஏறிக் குடை விரிந்துவிட்டால் புழு வைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. புல்வெளியிலும் எருக்குழி ஓரத்திலும் வெள்ளையாக முளைக்கும் நச்சுக் காளான் ஒன்று உண்டு. விரிந்த குடையை வெள்ளைத் தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் பச்சைத் தூள் படியும். பச்சை படியாததெல்லாம் நல்ல காளான் என்று நினைத்துவிட வேண்டாம். உயிரைக் குடிக்கும் வேறு சில காளான்களின் தூள் வெள்ளை. பூண்டு கறுக்கிறதா, வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. பழகிய கண் உள்ளவர் காட்டித் தராமல் ஒன்றையும் சமைக்காதீர்கள். மலைக்காட்டில் தேடவும் நினைக்காதீர்கள்; களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியின்றி உள்ளே போகக் கூடாது. உங்கள் வரப்பும் விளையும் போதும்.

பறிக்கும்போது தண்டோடு மெல்ல இழுத்தெடுங்கள். மண்வெட்டி போட வேண்டாம். பூஞ்சைக் கூடு அழியாமல் இருந்தால் ஆண்டுதோறும் அதே இடத்தில் முளைக்கும். சிப்பிக்காளான்போல இதைக் குடிலில் வளர்க்க வழியில்லை. ஆகவே, வயலோரத்துப் புற்றை இடிக்காமல் விட்டுவையுங்கள்.