ரத்தான விமானங்களும் திரும்பாத பணமும்

கேள்வி: நானும் என் கணவரும், என் தங்கையும் அவள் கணவருமாக நால்வர், 2020 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து காசிக்குப் போவதற்காக, பிப்ரவரி மாதமே புதுச்சேரி நகரத்திலுள்ள ஒரு டிராவல்ஸில் 48,000 ரூபாய் கட்டி விமான டிக்கெட் எடுத்தோம். ஊரடங்கில் விமானம் ரத்தாயிற்று. பணத்துக்குப் பதிலாக ‘கிரெடிட் ஷெல்’ கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். கணவரின் உடல்நிலை காரணமாக அதை நாங்கள் உபயோகிக்கவே இல்லை. இப்போது கேட்டால், விமானக் கம்பெனி ஏஜெண்டிடம் போகச் சொல்கிறது. ஏஜெண்டோ கடையை மூடிவிட்டார், போனையும் எடுப்பதில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பணம் கிடைக்க வழி உண்டா?
— வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: அம்மையீர், வழி உண்டு, ஆனால் அது முன்போல் அகலமாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

2020 மார்ச் 25-ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் யாவும் நிறுத்தப்பட்டு, மே 25-ஆம் தேதிதான் மறுபடி பறக்கத் தொடங்கின. இடையில், ஏப்ரல் 16-ஆம் தேதி மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை, ஊரடங்கு ஆரம்பித்த பிறகு டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டுமே மூன்று வாரத்துக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொல்லிற்று. வரப்போவதை அறியாமல் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பணம் கட்டியிருந்த தங்களைப் போன்ற லட்சக்கணக்கான பிரயாணிகள் அதன் நிழலுக்கு வெளியே நின்றார்கள். இந்த அநியாயத்தை எதிர்த்துப் பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு 2020 அக்டோபர் 1-ஆம் தேதி அளித்த தீர்ப்பே இன்று தங்கள் கையிலுள்ள பிரதான ஆயுதம்.

அந்தத் தீர்ப்பின்படி, தங்களைப் போன்றவர்களுக்கு விமானக் கம்பெனி பதினைந்து நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர இயன்றவரை முயல வேண்டும்; பொருளாதார நெருக்கடியால் அது முடியாதபோதுதான் கிரெடிட் ஷெல், அதாவது பின்னொரு பிரயாணத்தில் கழித்துக்கொள்ளும்படி கம்பெனி வைத்திருக்கும் வரவு. அந்த ஷெல்லை 2021 மார்ச் 31 வரை எந்த மார்க்கத்துக்கும் உபயோகிக்கலாம், பிறர் பெயருக்கு மாற்றியும் கொடுக்கலாம். அதற்குள் உபயோகிக்காவிட்டால் ரொக்கமாகத் திருப்பியாக வேண்டும். அதோடு, ரத்தான நாளிலிருந்து 2020 ஜூன் 30 வரை மாதத்துக்கு 0.5 சதவீதமும், பிறகு 2021 மார்ச் வரை மாதத்துக்கு 0.75 சதவீதமுமாக ஷெல்லின் மதிப்பு வளர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. தங்கள் கணக்கில் அது மூன்று மாதம், ஒன்பது மாதம் என்று பிரிந்து 8.25 சதவீதமாகிறது, அதாவது 3,960 ரூபாய் கூடி, 51,960 ரூபாய். தாங்கள் கோர வேண்டிய தொகையும் இதுவே.

ஆகவே ‘ஷெல் காலாவதியாகிவிட்டது’ என்று யாரேனும் சொன்னால் அதை ஏற்காதீர்கள். நகையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தவன், ரசீது பழசாகிவிட்டதால் நகை தனக்கே சொந்தம் என்று சொல்ல முடியுமா? பெருந்தொற்றுக்கு வெகு முன்பே, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிகள், பணத்தை ஷெல்லில் வைத்திருப்பது பிரயாணியின் விருப்பத்தைப் பொறுத்ததேயன்றி, விமானக் கம்பெனி தானாகச் செய்துகொள்ளும் வழக்கமாக இருக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. நெருக்கடி காலத்தை உத்தேசித்து நீதிமன்றம் கம்பெனிகளுக்கு அளித்தது அவகாசமேயன்றி, பிறர் பணத்தின் மீது உரிமையல்ல.

ஏஜெண்ட் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. ஏஜெண்டுகள் கம்பெனியால் நியமிக்கப்பட்ட பிரதிநிதிகள் என்பதால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு கம்பெனியையே சாரும் என்று அதே விதிகள் கூறுகின்றன. ஆயினும், டிக்கெட் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே, அதாவது ஏஜெண்டின் கணக்குக்கே, அது திரும்பியிருக்கவும் கூடும். எனவே முதலில் கம்பெனிக்கு பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, பணம் திருப்பப்பட்டதா, எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு என்று எழுத்து மூலம் கேளுங்கள். பணம் இடைத்தரகரிடம் தேங்கி நிற்பது வெறும் கற்பனையல்ல. யாத்ரா என்ற இணையவழி டிக்கெட் நிறுவனத்தில் மட்டும் 2021-இல் 36,276 முன்பதிவுகளுக்கான சுமார் 26.25 கோடி ரூபாய் பிரயாணிகளுக்குப் போய்ச் சேராமல் இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டுத் துரத்திய பின் 2024 ஜூனில் அது 4,837 முன்பதிவுகள், சுமார் 2.52 கோடி ரூபாய் என்று குறைந்தது. அதிகாரமுள்ள ஒருவர் கேட்டால் பணம் வருகிறது. தனியாக ஒரு குடும்பம் கேட்டால் வருவதில்லை என்பது என் மனத்தை மிகவும் வருத்தும் செய்தி.

இனி, காலக்கெடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டும். தொற்றுக்காலத்தை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதால், தங்களுக்குரிய இரண்டு வருஷம் 2024 பிப்ரவரியோடு முடிந்தது. ஆயினும் தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க, நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கணவரின் மருத்துவச் சான்றுகளும், கம்பெனியும் ஏஜெண்டும் மாறி மாறி அலைக்கழித்ததைக் காட்டும் கடிதங்களும் அங்கேதான் உதவும்.

கம்பெனிக்கு எழுதிய பின், அடுத்தபடியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணமில்லை, பல சந்தர்ப்பங்களில் அதுவே போதுமானதாகிவிடுகிறது. பலிக்காவிட்டால், கம்பெனி, ஏஜெண்ட் இருவரையும் எதிர்க்கட்சிகளாகச் சேர்த்து, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் இணைத்து, புதுச்சேரி நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்காட 2019-ஆம் வருஷத்துச் சட்டம் இடமளிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை.

கேள்வி: நான் பிரெஞ்சுப் பிரஜை. 2020 மே மாதம் சென்னையிலிருந்து பாரிஸ் செல்ல ஓர் ஐரோப்பிய விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தேன். ரத்தானதும், நான் கேளாமலே ஈமெயிலில் வவுச்சர் அனுப்பினார்கள். எனக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்?
— வாசகர், குருசுக்குப்பம்

பதில்: தங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இங்கே முக்கியமல்ல, முத்தியால்பேட்டை அம்மையார் அதே விமானத்தில் சென்றிருந்தாலும் அதே உரிமைதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லும் விமானத்தை ஐரோப்பியக் கம்பெனி இயக்கினால், புறப்படும் இடம் சென்னையாயினும், 2004-ஆம் வருஷத்து 261-ஆம் எண் ஒழுங்குமுறை பொருந்தும். ரத்தான டிக்கெட்டின் விலை ஏழு நாட்களில் ரொக்கமாகவோ வங்கி மூலமாகவோ திரும்ப வேண்டும். பிரயாணி கையெழுத்திட்டுச் சம்மதித்தாலன்றி வவுச்சர் செல்லாது. இந்த உரிமை தொற்றுக்காலத்திலும் மாறவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2020 மார்ச்சிலேயே அறிவித்தது. அமெரிக்க அரசும் இவ்வாறே உறுதியாக நின்றது. 2022 நவம்பரில் நம் ஏர் இந்தியா உட்பட ஆறு கம்பெனிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது, ஏர் இந்தியா மட்டும் 12.15 கோடி டாலரைப் பிரயாணிகளுக்குத் திருப்பியதோடு, 14 லட்சம் டாலர் அபராதமும் கட்ட நேர்ந்தது.

பிரான்ஸில் இத்தகைய கோரிக்கைக்குக் கெடு ஐந்து வருஷம். ரத்தான நாளிலிருந்து எண்ணினால் அது 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் பல கம்பெனிகள் அக்காலத்தில் தந்த வவுச்சர்களில், உபயோகிக்காவிட்டால் முடிவுத் தேதிக்குப் பின் பணமாகத் தருவதாக வாக்களித்திருந்தன. அத்தகைய வாக்குறுதி இருந்தால், ஐந்து வருஷத்தை அந்தத் தேதியிலிருந்து எண்ண நியாயமுண்டு என்பது என் அபிப்பிராயம். பழைய ஈமெயிலைத் தேடியெடுத்து, வவுச்சரின் முடிவுத் தேதியையும் அதன் அடியிலுள்ள நிபந்தனையையும் படித்துப் பாருங்கள். அத்தகைய வாக்குறுதி இருக்குமானால், கோரிக்கைக் கடிதத்தை இந்த வாரமே கம்பெனியின் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.