சென்னாக்குன்னிக்குப் பாயும் ஆமை, கீரைக்கு முகம் திருப்புவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு தண்ணீர் ஆமை வளர்க்கிறோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். மீன் தொட்டிக் கடையில் வாங்கியபோது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. மூன்று வருடத்தில் என் உள்ளங்கையைத் தாண்டிவிட்டது. டப்பாவில் வரும் காய்ந்த இறாலையும் சென்னாக்குன்னியையும் போட்டால் பாய்ந்து வருகிறது. கேரட், பாலக், முட்டைகோஸ் எதைப் போட்டாலும் மூக்கால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. என் மாமியார் அவ்வப்போது சோறு போடுகிறார், அதைத் தின்கிறது. காய்கறி தின்னாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார். என் கணவரோ, "பேசாமல் கோயில் குளத்தில் விட்டுவிடலாம், அது பாட்டுக்குத் தின்று பிழைக்கும்" என்கிறார். என்ன செய்யலாம் டாக்டர்?
- ஒரு வாசகி, திருவையாறு

பதில்: கணவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், குளம் வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது சிவப்புக் காது ஆமை. பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. இந்த இனம் குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் அசைவம்தான்: பூச்சி, புழு, நத்தை, மீன்குஞ்சு. வளர வளரத் தாவரத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். உள்ளங்கையைத் தாண்டிய ஆமைக்குத் தீனியில் பாதியாவது பச்சையாக இருக்க வேண்டும். உங்கள் ஆமைக்கு வயது ஏறிவிட்டது, சாப்பாடு மட்டும் குட்டிக்காலத்துச் சாப்பாடாகவே நிற்கிறது. அதன்மேல் குற்றமில்லை. தினமும் இறால் கிடைக்கும் வீட்டில் பாலக்கை எவர் சீந்துவார்?

இறாலுக்குப் பாய்கிறது என்பதால் நோயாலோ குளிராலோ பசி குறையவில்லை என்று தெரிகிறது. மார்கழி, தை இரவுகளில் தொட்டித் தண்ணீர் மிகவும் குளிர்ந்துவிட்டால் எந்தத் தீனியையும் ஒதுக்கக்கூடும். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி வைத்தியம். நான்கைந்து நாள் இறால், சென்னாக்குன்னி, சோறு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தொட்டியில் பச்சை மட்டும் மிதக்கட்டும். நன்றாக வளர்ந்த, துறுதுறுவென்று நீந்தும் ஆமைக்கு இந்தப் பட்டினி ஒன்றும் செய்யாது. குட்டி ஆமைக்கும், கண் வீங்கிய, சோர்ந்து கிடக்கும் ஆமைக்கும் இது கூடாது. மாமியாரிடம் தயவாகச் சொல்லிவையுங்கள்: இரக்கப்பட்டு ஒரு பிடி சோறு விழுந்தால் விரதம் அன்றோடு முடிந்தது. சோறு அதன் வயிற்றை நிரப்பும், ஓட்டுக்கு எதுவும் தராது.

எந்தப் பச்சை என்பதுதான் முக்கியம். நீங்கள் போட்ட மூன்றில் கேரட் மட்டும் தேறும், அதையும் துருவித்தான் போட வேண்டும். ஆமைக்குப் பல் கிடையாது, அலகால் கவ்விக் கிழிப்பதுதான். கெட்டியான துண்டு அதற்குக் கல் மாதிரி. பாலக்கிலும் முளைக்கீரையிலும் ஆக்ஸலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முட்டைகோஸ் அடிக்கடி கொடுத்தால் தைராய்டுக்கு நல்லதல்ல.

டெல்டாவில் இருந்துகொண்டு நீங்கள் பாலக் தேடவே வேண்டியதில்லை. உங்கள் பக்கம் நெல் வயலுக்கு உரமாகவும் மாட்டுக்குத் தீவனமாகவும் அசோலா வளர்க்கிறார்களே, அது போதும். பால்மாடு வைத்திருப்பவர் எவரிடமாவது ஒரு கைப்பிடி வாங்கி, தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நிழலில் விட்டால் தானே பெருகும். மாட்டுக்காக வளர்ப்பவர்கள் சாணம் கரைத்து விடுவார்கள், ஆகவே நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். இதன் பெரிய வசதி, அது மிதக்கும், ஆமை நீந்தும் அலையில் அசையும். அசைவதைக் கவ்வுவது ஆமையின் பிறவிக் குணம். வேலம்பாசியும் அப்படியே. ஆனால் இவற்றை வாய்க்காலிலிருந்து அள்ளி வராதீர்கள். வயலில் அடித்த பூச்சிமருந்து வடிந்து சேரும் இடம் அது. சாக்கடை கலக்கும் குட்டையில் கிடக்கும் வெங்காயத்தாமரையும் வேண்டாம்.

அசோலாவுக்கும் அசையவில்லையா? நிறத்தைக் காட்டி ஏமாற்றுங்கள். சிவப்பும் மஞ்சளும் இந்த ஆமையின் கண்ணை இழுக்கும். வேலியில் பூக்கும் செம்பருத்தியை, மருந்து அடிக்காத செடியாகப் பார்த்து, இதழைப் பிய்த்து மிதக்கவிடுங்கள். முதல் கடி பெரும்பாலும் அதில்தான் விழும். பிறகு துருவிய பறங்கிக்காய், அடுத்து கொஞ்சம் முருங்கைக்கீரை. முருங்கையில் கால்சியம் ஏராளம்.

இதற்கும் மசியாத ஆமைக்கு வாசனைதான் வழி. நறுக்கிய முருங்கைக்கீரையையும் பறங்கிக்காயையும் ஒரு சிட்டிகை மீனோடு சேர்த்து அரைத்து, கடற்பாசி காய்ச்சிய நீரில் கலந்து உறையவைத்துச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். நோன்புக் காலத்தில் கடைகளில் கிடைக்கும் அதே கடற்பாசிதான். சர்க்கரை மட்டும் போட்டுவிடாதீர்கள். மீன் வாசனைக்கு வந்து கீரையையும் சேர்த்து விழுங்கும். வாரத்துக்கு வாரம் மீனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எதைக் கொடுத்தாலும் தண்ணீருக்குள்ளேயே கொடுங்கள். இந்த ஆமைக்குத் தரையில் விழுங்க வராது.

பச்சை பழகிய பிறகு வாரத்தில் மூன்று நாள், அதன் தலை அளவுக்கு ஆமைத் தீனிக் குச்சிகள் போதும். காய்ந்த இறால் வாரம் ஒருமுறை, பலகாரம் மாதிரி. சென்னாக்குன்னியை விட்டுவிடுங்கள், உப்பும் மணலும் சேர்ந்து வருகிறது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஓடு கெட்டிப்பட கால்சியமும் வெயிலும் சேர்ந்து வேண்டும். கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தொட்டியில் போட்டுவையுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் உதவாது, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும். காலை வெயிலில் அரைமணி நேரம் வெளியே வையுங்கள். பாதி நிழலும் ஏறி இறங்கத் தண்ணீரும் இருக்க வேண்டும். தஞ்சாவூர் வெயிலில் நிழல் இல்லாமல் விட்டால் ஆமை வெந்துபோகும். பக்கத்தில் ஆள் இருங்கள், காக்கை கொத்தும்.

இறாலிலேயே வளர்ந்த ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் இமை வீங்குவது உண்டு. அப்படி வீங்கினாலோ, ஓடு அழுத்தும்போது அமுங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள். ஆமையின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு நோய் பரவியதால்தான் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-இல் அமெரிக்கா தடை போட்டது. தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், தொட்டவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இப்போது கோயில் குளத்துக்கு வருவோம். ஆமையைக் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஆனால் உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று வெளியிடப்பட்ட பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இதன் இறக்குமதியைத் தடுத்தது. கேரளத்தில் நீர்நிலைகளில் இது தென்படத் தொடங்கிய பிறகு, அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடமிருந்து இவற்றைக் கேட்டு வாங்கத் தொடங்கியது. நம் குளங்களிலும் வயல்களிலும் வாழும் பாலாமையும் காராமையும் இதோடு இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டிபோட வேண்டியிருக்கும். பாலாமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டது. உழவின்போது கிடைத்தது என்று அதை வீட்டுக்கு எடுத்துவருவதும் குற்றம்.

உங்கள் சிவப்புக் காது ஆமை நன்றாக வளர்த்தால் 30 வருடம்கூட இருக்கும், பெண் ஆமையின் ஓடு ஓர் அடி நீளம் வரை வளரும். அவ்வளவு காலம் உங்களால் முடியாது என்று தோன்றினால், வளர்க்கத் தெரிந்த வேறொரு வீட்டைப் பாருங்கள். ஆற்றிலோ குளத்திலோ மட்டும் விடாதீர்கள்.