அக்கியும் அமினோ அமிலமும்

மருந்துண்டபின் நோய் நீங்கினால் அம்மருந்தால்தான் நீங்கியது என்று கொள்வது மனித இயல்பு. அக்கி நோய்க்கு லைசின் என்னும் அமினோ அமில மாத்திரையைப் பரிந்துரைக்கும் வழக்கத்தை முன்வைத்து, இம்முடிபு எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நோயின் தன்மை

சின்னம்மையை உண்டாக்கும் வைரஸே அக்கியையும் உண்டாக்குகிறது. அம்மை இறங்கிய பின்னும் அவ்வைரஸ் உடலை விட்டு அகலுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குன்றிய வேளையிலோ விழித்தெழுந்து, நரம்பு வழியே தோலை அடைகிறது. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்களைத் தோற்றுவிக்கிறது. உதட்டோரத்தில் அடிக்கடி எழும் கொப்புளங்களுக்குக் காரணமான வைரஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

லைசின் வந்த வழி

உதட்டுக் கொப்புள வைரஸ் பெருகுவதற்கு ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் தேவை. ஆய்வுக்கூடத்தில் லைசினை மிகுவித்தால் அப்பெருக்கம் குறைகிறது. இதனடிப்படையில் நோயாளிகளுக்கு லைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1978இல் வெளிவந்தது. பலன் கிட்டியதாக அது கூறிற்று. ஆனால் 45 பேரைக் கொண்ட அவ்வாய்வில், ஒப்பிட்டு நோக்க மருந்துண்ணாத குழு இல்லை. பிற்காலத்து ஆய்வுகளையெல்லாம் தொகுத்து மதிப்பிட்ட 2015ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, உதட்டுக் கொப்புளத்தை லைசின் தடுக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்றது. உதட்டுக் கொப்புளத்திற்கே நிறுவப்படாத ஒன்றைத்தான் அக்கிக்கும் நீட்டித்தனர். பருப்பு வகைகளில் மிகுந்துள்ள லைசின் உடலுக்கு இன்றியமையாதது என்பது உண்மையே. எனினும் உணவாவது வேறு, மருந்தாவது வேறு.

ஒப்பீடே உரைகல்

அக்கிக் கொப்புளங்கள் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தாமே ஆறிவிடும். நம் சிற்றூர்களில் குயவர் காவிமண் குழைத்து ‘அக்கி எழுதுவர்’. கொப்புளம் ஆறும், எழுத்தின் புகழ் ஓங்கும். மாத்திரையின் புகழும் இவ்வாறு வளர்ந்ததே. தானே ஆறும் நோயில், இறுதியாகச் செய்த மருத்துவத்திற்கே பெருமை சேர்கிறது.

இம்மயக்கத்தைக் களையும் வழியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே காட்டியவர் அர்-ராஸி. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூல் எழுதிய அப்பேரறிஞர், மூளைக் காய்ச்சல் நோயாளருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வடிக்காதும் விட்டு, விளைவை ஒப்பிட்டதாகக் குறித்துள்ளார்.

காலத்தின் அருமை

மாத்திரையால் தீங்கில்லையே என்பார்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு: இழக்கும் காலமே தீங்கு. அசைக்ளோவிர் முதலிய வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குதல் நலம். அம்மருந்தின் ஆக்கத்தில் பெரும்பங்கு கொண்ட கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988இல் நோபல் பரிசு பெற்றார். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால் கண்பார்வைக்கே ஊறு நேரலாம். உடனே மருத்துவரை நாடுதல் கடன். முதியோருக்குக் கொப்புளம் ஆறிய பின்னும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. அக்கியைத் தடுக்கும் தடுப்பூசியும் இன்று நம் நாட்டில் கிடைக்கிறது.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அம்மருத்துவம் எதுவென ஆராய்ந்து தெளிதல் கற்றோர் பொறுப்பாகும். வீட்டு முதியவர் உடலில் ஒரு பக்கமாகக் கொப்புளம் காணும் நாளில், மாணவச் செல்வங்கள் அத்தெளிவுடன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்களாக.