சர்வர் மூடும் நாளில் கடைக்கணக்கு



"நெட்வொர்க் மேம்பாட்டுப் பணி காரணமாக இன்ன தேதி இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை நமது சேவை இயங்காது. சிரமத்திற்கு வருந்துகிறோம்." பில் போடும் மென்பொருள் நிறுவனத்திடமிருந்து இப்படி ஒரு குறுஞ்செய்தி வந்தால், நம்மில் எத்தனை பேர் அதை முழுதாகப் படிக்கிறோம்? கடையில் பத்துப் பேர் நிற்கும் நேரத்தில்தான் அது வரும். விளம்பரம் என்று எண்ணித் தள்ளிவிடுவோம். நானும் அப்படித் தள்ளிவிட்டவன்தான். அதனால் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மாதத்தின் கடைசி நாளும்கூட. அதிகாலை 5 மணிக்குச் சேவை திரும்பும் என்று அறிவிப்பில் இருந்ததாம். 6 மணிக்குக் கடை திறந்தபோது திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. 11 மணிக்குத்தான் சேவை வந்தது. அந்த ஐந்து மணி நேரமும் கைக்குக் கிடைத்த காகிதத்தில், பிஸ்கட் பெட்டி அட்டையில் எல்லாம் கணக்கு எழுதி வியாபாரத்தை ஓட்டினோம். சரக்கு போயிற்று, கல்லாவில் பணமும் சேர்ந்தது. சமாளித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

வினை பத்து நாள் கழித்து வந்தது. பல ஆண்டுகளாக நம்மிடம் வாங்கும் ஓர் உணவகக்காரர், "என்ன அண்ணாச்சி, ஒரு மூட்டைக்கு ரெண்டு மூட்டை பற்று எழுதியிருக்கீங்க?" என்றார். சீட்டைப் பார்த்து என் மகன் ஒரு முறை ஏற்றியிருக்கிறான். நினைவில் வைத்துப் பையன் இன்னொரு முறை ஏற்றியிருக்கிறான். வேறு ஒரு கடன் சீட்டு காணாமலே போய்விட்டது. யாருடையது என்பது இன்றுவரை தெரியாது. இவை போதாதென்று, அன்றைய பில்களையெல்லாம் மறுநாள் தேதியில் ஏற்றிவிட்டோம். மறுநாள் அடுத்த மாதம் அல்லவா? உணவகக்காரரின் ஆடிட்டர், உள்ளீட்டு வரி அந்த மாதக் கணக்கில் வரவில்லையே என்று கேட்டு ஆள் அனுப்பினார். அதன்பிறகு அவர் நம்மிடம் அரிசி மட்டும் வாங்குகிறார். மற்ற சரக்குக்கு வேறு கடை.

ஐந்து மணி நேரம் கணினி நின்றதால் எனக்கு நஷ்டமில்லை. கணினி வந்த பிறகு கணக்கைத் திரும்ப ஏற்றிய விதத்தில்தான் நஷ்டம் வந்தது. இந்தப் பாடம் முழுவதும் அந்த இடத்தை நோக்கியே செல்கிறது.

ஏன் மூடுகிறார்கள் என்று சிலர் கோபப்படுவதுண்டு. நம் கடையில் போடும் பில், கம்பி வழியாகவோ அலை வழியாகவோ சென்று சென்னை, மும்பை போன்ற நகரங்களிலுள்ள தரவு மையம் ஒன்றில் பதிவாகிறது. அங்கே இணைப்புக் கருவிகளை மாற்றவும், தரவுத்தளத்தைப் புதிய இயந்திரத்திற்குக் கொண்டுபோகவும் வேண்டியிருக்கும். சரக்கு தட்டில் இருக்கும்போது தராசை மாற்ற முடியுமா? பாதிப் பில் பழைய இயந்திரத்திலும் பாதிப் பில் புதிய இயந்திரத்திலும் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகவே கொஞ்ச நேரம் வாசலை அடைக்கிறார்கள். திடீரென்று படுத்துவிடும் சேவையைவிட, நாள் குறித்து மூடும் சேவை நமக்கு நல்லது. முன்கூட்டியே தெரிகிறதே!

விற்பனைப் பிரதிநிதி "நூற்றுக்கு 99.9 நேரம் இயங்கும்" என்று சொல்லியிருப்பார். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம், மாதத்திற்குச் சுமார் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். ஆனால் அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அடுத்த முறை சந்தா புதுப்பிக்கும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள். எத்தனை மணி நேரத்திற்கு முன் அறிவிப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி, அறிவிப்பைப் படிக்கும் விதம். அதில் மூன்று கண்ணிகள் உண்டு.

"ஞாயிறு 12 மணி" என்று போட்டிருந்தால் அது பகலா, இரவா? இரவு என்றால் சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நள்ளிரவா, ஞாயிறு முடியும் நள்ளிரவா? சந்தேகம் இருந்தால் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, வெளிநாட்டு நிறுவனங்களின் நேரம். கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் எழுதியிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோடைகாலச் சனிக்கிழமை இரவு 10 மணி என்பது நமக்கு ஞாயிறு காலை 10.30. அவர்கள் தூங்கப்போகும் நேரம், நம் கடையில் கூட்டம் நெரியும் நேரம்.

மூன்றாவது, யாருக்கு வசதியான நாளை அவர்கள் பார்க்கிறார்கள் என்பது. 2024 ஜூலை 13 அன்று எச்.டி.எப்.சி. வங்கி தன் மையக் கணினி அமைப்பைப் புதிய தளத்திற்கு மாற்றியது. அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை, பதின்மூன்றரை மணி நேரம் பல சேவைகள் தடைப்படும் என்று முன்னதாகவே அறிவித்திருந்தார்கள். அது மாதத்தின் இரண்டாம் சனி, வங்கிக்கு விடுமுறை. மளிகைக்காரருக்கோ சனிக்கிழமை கல்லா நிறையும் நாள். குற்றம் சொல்வதற்கில்லை, அவரவர் நாட்காட்டி அவரவருக்கு. அறிவிப்பை நம் நாட்காட்டியில் பொருத்திப் பார்க்க வேண்டியது நம் வேலை. மாதக் கடைசியா, சம்பள வாரமா, பண்டிகைக்கு முந்திய நாளா, ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்யும் தேதியா என்று பாருங்கள்.

சொன்ன நேரத்தில் முடியும் என்றும் நம்பிவிடக் கூடாது. இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்ற வங்கி 2018 ஏப்ரலில், ஒரு வார இறுதியில் மூடிவிட்டு ஞாயிறு மாலை திறப்பதாகச் சொல்லிக் கணினி அமைப்பை மாற்றியது. திறந்ததும் லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் திண்டாடினார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. நமக்கு அவ்வளவு பெரிய விபத்து நேராது என்றாலும், ஆறு மணி நேரம் என்றால் பன்னிரண்டு மணி நேரத்திற்குத் தயாராக இருப்பது என்று நான் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் மாலை செய்யவேண்டியவை அதிகமில்லை. விலைப்பட்டியலை வரி விகிதத்தோடு அச்செடுத்து வைக்க வேண்டும். சென்ற முறை எடுத்த பட்டியல் இருக்கிறதே என்று அதையே பயன்படுத்தாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை போன்றவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்திய பட்டியலை வைத்துக் கையால் பில் எழுதினால், வாடிக்கையாளரிடம் கூடுதல் வரி வாங்கியவராகிவிடுவோம். கடன் வாடிக்கையாளர்களின் பாக்கியையும் அச்செடுங்கள். கடைசிப் பில் எண்ணைத் தாளில் எழுதிக் கல்லாவில் வையுங்கள். இது பின்னால் உதவும்.

மொத்த வியாபாரிகளுக்கு இ-வே பில் கவலை உண்டு. வெளிமாநிலத்திற்கு ரூ.50,000க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ரூ.1 லட்சத்திற்கு மேலும் வரிக்குரிய சரக்கு அனுப்பினால் அது வேண்டும். ஞாயிறு விடியற்காலை விருதுநகரிலிருந்து மதுரைக்கு எண்ணெய் டின் ஏற்ற வேண்டும், சனி நள்ளிரவு சேவை நிற்கிறது என்று வையுங்கள். சனி மாலையே விற்பனை பில்லும், வண்டி எண்ணோடு இ-வே பில்லும் எடுத்துவிடலாம். 200 கிலோமீட்டருக்குள் என்றால் அது ஞாயிறு நள்ளிரவு வரை செல்லும். வண்டி கிளம்பாவிட்டால் 24 மணி நேரத்திற்குள் ரத்து செய்யலாம். அரசின் இ-வே பில் தளமே நிற்கும் நேரங்களுக்காக, 2025 ஜூலை 1 முதல் இரண்டாவது தளம் ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் நுழைந்து பழகிக்கொள்வது நல்லது.

படிவத் தாக்கலைக் கடைசி நாளுக்கு வைக்கவே வேண்டாம். 2025 ஜனவரியில் ஜி.எஸ்.டி. தளம் முடங்கியபோது மாதப் படிவங்களுக்கு இரண்டு நாள் நீட்டித்தார்கள் என்பது உண்மைதான். அதை நம்பி நம்முடைய மென்பொருள் நின்றதற்கும் நீட்டிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சேவை நின்ற நேரத்தில் பெரிய சபலம் கச்சாச் சீட்டு. "சும்மா எழுதிக் குடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தொடங்கினால் என் கதைதான். சட்டம் இங்கே நமக்கு வழிவிட்டே வைத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. விதி 46, பில் எண்கள் 16 எழுத்துக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், வரிசையாக இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே கணினிக்கு ஒரு வரிசை, கைப்பில் புத்தகத்திற்கு வேறு முன்னெழுத்துடன் ஒரு வரிசை என்று பிரித்துவிட்டால் எண்கள் மோதவே மோதா. இரண்டு கல்லா இருந்தால் இரண்டு புத்தகம், இரண்டு வரிசை. சரக்குப் பில் என்பதால் கார்பன் வைத்து மூன்று படி எழுத வேண்டும்: வாங்குபவருக்கு, வண்டிக்கு, நமக்கு. நம் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றை அச்சிட்டே வாங்கிவிட்டால் எழுதும் நேரம் பாதியாகும். ஜி.எஸ்.டி. பதிவில்லாத வாடிக்கையாளர் ரூ.200க்குக் குறைவாக வாங்கி, பில்லும் கேட்காவிட்டால், அத்தகைய விற்பனைகளைச் சேர்த்து அன்று இரவு ஒரே பில்லாகப் போடலாம்.

ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இந்த வழி முழுதாக உதவாது. பதிவு பெற்ற வியாபாரிக்கு அவர்கள் தரும் பில் மின்னணு முறையில் பதிவாகவேண்டும். இல்லாவிட்டால் அது பில்லாகவே கருதப்படாது. பதிவு செய்யும் தளங்கள் ஒன்றுக்கு மேல் உள்ளன. நம் மென்பொருள் நின்றால் அந்தத் தளங்களில் நேராகப் பதிவு செய்யத் தெரிந்த ஒருவர் கடையில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தச் சரக்கை நிறுத்தி வைப்பதே மேல்.

சில மென்பொருள்களில் இணையம் இல்லாமலும் பில் விழும். இணையம் வந்ததும் தானே ஏறிக்கொள்ளும். நல்ல வசதி. ஆனால் அறிவிப்பு வந்த அன்று அதைச் சோதிக்க முடியாது. கூட்டமில்லாத ஒரு மதியம் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு இரண்டு பில் போட்டுப் பாருங்கள். இரண்டு கல்லாவிலும் ஒரே எண் விழுகிறதா என்பதைக் கவனியுங்கள். யூ.பி.ஐ.க்கு மென்பொருள் திரையில் காட்டும் கட்டத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள், ஒட்டி வைக்கும் பழைய அட்டையை எறிந்துவிடாதீர்கள்.

சேவை திரும்பியதும் கை பரபரக்கும். ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். கல்லாவில் எழுதி வைத்த கடைசிப் பில் எண்ணும் திரையில் உள்ள கடைசிப் பில் எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். நிற்கப்போகும் தறுவாயில் போட்ட பில் காணாமல் போயிருக்கும். அல்லது சக்கரம் சுற்றுகிறதே என்று இரண்டு முறை தட்டியதால் இரண்டாக விழுந்திருக்கும். இதைச் சரிசெய்யாமல் கைப்பில்லை ஏற்ற ஆரம்பித்தால் பிறகு பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஏற்றுவது ஒருவர்தான், கணக்கப்பிள்ளையோ, வீட்டுப் பிள்ளையோ, ஒருவரே. புத்தகத்தின் வரிசைப்படி, பில்லில் உள்ள அதே எண், அதே தேதி. ஏற்றியதும் நம் படியில் சிவப்பு மையால் குறி. ரத்தான பில்லைக் கிழித்தெறியாமல் மூன்று படிகளையும் புத்தகத்திலேயே விட்டு "ரத்து" என்று எழுதுங்கள். முடிந்ததும் புத்தகத்தின் கூட்டுத்தொகையும், கணினியில் அந்த வரிசையின் கூட்டுத்தொகையும், ரொக்கம், யூ.பி.ஐ., கடன் மூன்றும் சேர்ந்த தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலும் அன்றே தேடுங்கள். மறுநாள் தேடினால் பையனுக்கும் நினைவிருக்காது, நமக்கும் இருக்காது. கடன் சீட்டுகளை மட்டும் வாடிக்கையாளருக்கு அன்று மாலையே ஒரு குறுஞ்செய்தியில் தெரிவித்துவிடுவது என் வழக்கம். தவறு இருந்தால் அவரே சொல்லிவிடுவார்.

நம் படிகள் உள்ள புத்தகத்தை, ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்கவேண்டும். எலி, கரையான் எட்டாத இடமாகப் பாருங்கள்.

என் கடையில் இப்போது நடப்பிலிருக்கும் கைப்பில் புத்தகம், இரண்டு கார்பன் தாள், ஒரு சிவப்புப் பேனா மூன்றும் கல்லாப் பெட்டிக்குக் கீழ் ஒரு தகர டப்பாவில் இருக்கின்றன. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நான்கு முறை அதை எடுத்திருக்கிறோம். சென்ற முறை மென்பொருள்காரர்கள் சொன்ன நேரத்திற்கு இருபது நிமிடம் முன்பாகவே திறந்துவிட்டார்கள். மொத்தம் ஒன்பது பில். டீ வருவதற்குள் ஏற்றி முடித்தாயிற்று.